காவலருக்குக் காவல் யார்?

தென்காசி மாவட்டத்தில், மேற்கு மலையின் அடிவாரத்தில் இருக்கிறது வாசுதேவநல்லூர். பூலித்தேவரின் கோட்டை இருந்த ஊர். கும்பினிப் படையின் பீரங்கிகளை எதிர்த்து நின்ற ஊர். இவ்வூர்க் கோவிலில் சிந்தாமணிநாதர் அர்த்தநாரீசுவரராகக் காட்சி தருகிறார். வலப் பாதி ஆண். இடப் பாதி பெண். பக்கத்திலுள்ள சங்கரன்கோவிலிலோ சிவனும் திருமாலும் ஓர் உருவாக நிற்கிறார்கள். ஆடித் தபசு வந்துவிட்டால் அங்கே எள் போட்டால் எள் விழாது. அந்தக் கூட்டத்தை ஒழுங்குபடுத்த, வெயிலிலும் புழுதியிலும் நின்று பந்தோபஸ்து வேலை பார்க்கிறார்கள் போலீஸ்காரர்கள்.

அப்படி நிற்கும் போலீஸ்காரர்களில் ஒருவரை நினைத்துப் பார்ப்போம். ஒழுங்காக வேலை பார்ப்பவர். லஞ்சம் வாங்காதவர். காணாமற்போன குழந்தையைத் தேடிக் கொண்டுவந்து தாயிடம் ஒப்படைப்பவர். ஆனால் அவர் மனம் பெண்ணை நாடவில்லை; தம்மைப் போன்ற ஓர் ஆணையே நாடுகிறது. இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. ஒரு நாள் எப்படியோ வெளியே தெரிந்துவிடுகிறது.

மறுநாள் காலை ரோல் காலில் என்ன நடக்கும்? உடன் வேலை பார்ப்பவர்கள் என்ன பேசுவார்கள்? இன்ஸ்பெக்டர் என்ன சொல்லுவார்? மாதம் முடிவதற்குள் அவர் எந்த ஊருக்கு மாற்றப்படுவார்?

இந்த நாட்டிலும் வெளிநாடுகளிலும் பலருக்கு உண்மையாகவே நேர்ந்த கதை இது. ஊரைக் காக்கும் போலீஸ்காரருக்குத் தம்முடைய ஸ்டேஷனுக்குள்ளே காவல் உண்டா என்பதுதான் பிரச்னை.

சொல்லைப் பற்றி ஒரு சொல்

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். ஆணாகப் பிறந்ததாக எழுதப்பட்டு, தம்மைப் பெண்ணாக உணர்ந்து, பெண்ணாக வாழ்பவர் திருநங்கை. அது, தாம் யார் என்பது பற்றிய விஷயம். ஆண் ஓர் ஆணை விரும்புவதும், பெண் ஒரு பெண்ணை விரும்புவதும் வேறு. அது, மனம் யாரை நாடுகிறது என்பது பற்றிய விஷயம். இதைத் 'தன்பாலீர்ப்பு' என்று இப்போது சொல்கிறார்கள். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவது நம் வழக்கமாக இருந்து வருகிறது.

பத்திரிகைகளும் போலீசாரும் இவர்களைப் பற்றிப் பேசும்போது கேவலமான சொற்களைப் பயன்படுத்தக் கூடாது என்பதற்காகத் தமிழ்நாடு சர்க்கார் 2022 ஆகஸ்டில் ஒரு சொல் பட்டியலையே கெஜட்டில் வெளியிட்டது. சென்னை ஐகோர்ட்டு வற்புறுத்தியதன் பேரில் நடந்த காரியம் இது. மரியாதையான சொல் கிடைத்துவிட்டது. ஆனால் மரியாதை கிடைத்துவிட்டதா?

போபால் ரயில் நிலையம்

மத்தியப் பிரதேசத்தில் போபால் நகரில், ஆயுதப் போலீஸ் படையில் இரண்டு பெண் கான்ஸ்டபிள்கள் இருந்தார்கள். லீலா, ஊர்மிளா என்பது அவர்கள் பெயர். 1987 டிசம்பரில் இருவரும் மாலை மாற்றி மணம் செய்துகொண்டார்கள். 1988 பிப்ரவரியில் விஷயம் வெளியே வந்தது. நாடெங்கும் பத்திரிகைகள் படம் போட்டு எழுதின.

அவர்கள் செய்தது எந்தச் சட்டத்தின்படி குற்றம்? எந்தச் சட்டத்தின்படியும் அல்ல. இரண்டு பெண்கள் மாலை மாற்றிக்கொண்டால் தண்டிக்க வேண்டும் என்று எந்தப் புத்தகத்திலும் எழுதியிருக்கவில்லை. ஆனால் மேலதிகாரிகளின் கோபத்துக்குப் புத்தகம் தேவைப்படவில்லை. இருவரையும் தனியே அடைத்து வைத்தார்கள் என்றும், உணவு கொடுக்கவில்லை என்றும், என்ன எழுதியிருக்கிறது என்று படிக்க விடாமலே காகிதங்களில் கையெழுத்து வாங்கினார்கள் என்றும், பிறகு ரயில் நிலையத்தில் கொண்டுபோய் விட்டுவிட்டார்கள் என்றும் அந்நாளில் செய்திகள் வெளிவந்தன. இருவருக்கும் வேலை போயிற்று.

வேலை நீக்கத்துக்குச் சொல்லப்பட்ட காரணம்தான் கவனிக்கத்தக்கது. வேலைக்கு ஒழுங்காக வரவில்லையாம்! கல்யாணத்தைப் பற்றி அதில் பேச்சில்லை.

போலீஸ் இலாகாவில் இந்தப் பாரபட்சம் எப்படி நடக்கிறது என்பதை இந்த ஒரு சம்பவமே காட்டிக் கொடுத்துவிடுகிறது. உண்மையான காரணம் எல்லோருக்கும் தெரியும். பைலில் மட்டும் இருக்காது. 'வேலைக்கு வரவில்லை', 'ஒழுங்கீனம்', 'உத்தியோகத்துக்குப் பொருந்தாத நடத்தை' என்று வேறு பெயரில் அது எழுதப்படும். பெயர் மாறிவிட்டால் அப்பீல் செய்வது எப்படி? இல்லாத குற்றச்சாட்டுக்கு எவ்வாறு பதில் சொல்வது?

புலந்த்சாகர் உத்தரவு

முப்பது வருஷங்கள் கழிந்தன. உத்தரப் பிரதேசத்தில் புலந்த்சாகர் என்ற ஜில்லா. அங்கே ஊர்க்காவல் படையைச் சேர்ந்த ஒருவர் தம் நண்பருடன் நெருக்கமாக இருக்கும் வீடியோப் படம் கைபேசிகளில் பரவிவிட்டது. 2019 ஜூன் 11-ந் தேதி ஜில்லா கமாண்டண்டு அவரை வேலையிலிருந்து நீக்கினார்.

அவர் அலகாபாத் ஐகோர்ட்டுக்குப் போனார். நீக்கம் சரியே என்று அதிகாரிகள் பதில் மனுப் போட்டார்கள். போபாலில் மறைத்ததை இங்கே மறைக்கவில்லை. அவருடைய தன்பாலீர்ப்பையே தகாத காரியம் என்று எழுதி, அதுவே காரணம் என்று ஒப்புக்கொண்டார்கள்.

அந்த ஒரு வாக்கியமே அவர்களைத் தோற்கடித்தது. 2021 பிப்ரவரியில் நீதிபதி சுனிதா அகர்வால் வேலை நீக்க உத்தரவை ரத்துச் செய்தார். ஒருவருடைய மனச்சார்பு அவருடைய சொந்த விஷயம். அதைக் குற்றமாகக் கருதுவது அவருடைய அந்தரங்க உரிமையில் தலையிடுவதாகும் என்று கூறினார். பொது இடத்தில் அன்பைக் காட்டிக்கொள்வதுகூட, ஆபாசமாகவோ பொது அமைதிக்குப் பங்கமாகவோ இல்லாதவரை, பெரும்பான்மையோருக்குப் பிடிக்கவில்லை என்பதற்காகத் தடுக்கப்படலாகாது என்பது சுப்ரீம் கோர்ட்டின் கருத்து என்பதையும் எடுத்துக் காட்டினார். உடனே வேலையில் சேர்த்துக்கொள்ள வேண்டும்; சேரவேண்டிய பணத்தையும் கொடுக்க வேண்டும் என்று உத்தரவாயிற்று.

போபாலில் இரு பெண்களுக்குக் கிடைக்காத நியாயம் புலந்த்சாகர்க்காரருக்கு எப்படிக் கிடைத்தது? இடையில் சட்டம் மாறியிருந்தது. அதுதான் காரணம்.

158 வருஷச் சட்டம்

வெள்ளைக்காரர்கள் 1860-ல் எழுதிய இந்திய தண்டனைச் சட்டத்தில் 377 என்று ஒரு பிரிவு. 'இயற்கைக்கு மாறான' உறவுக்கு ஆயுள் தண்டனை வரை விதிக்கலாம் என்றது. கோர்ட்டில் தண்டிக்கப்பட்டவர்கள் அதிகம் இல்லை. ஆனால் மிரட்டுவதற்கு அது நல்ல ஆயுதமாக இருந்தது. 'கேஸ் போடட்டுமா, பணம் தருகிறாயா?' என்று கேட்பதற்கு அந்த ஒரு நம்பர் போதும்.

2009 ஜூலை 2-ல் டில்லி ஐகோர்ட்டு, வயது வந்தோர் மனம் ஒப்பித் தனிமையில் நடந்துகொள்வது குற்றம் ஆகாது என்றது. 2013 டிசம்பர் 11-ல் சுப்ரீம் கோர்ட்டு அதை மாற்றிவிட்டது. 2018 செப்டம்பர் 6-ந் தேதி, தலைமை நீதிபதி தீபக் மிஸ்ரா உள்ளிட்ட ஐந்து நீதிபதிகள், 2013-ம் வருஷத் தீர்ப்புத் தவறு என்று ஏகமனதாகத் தீர்ப்பளித்தார்கள். 158 வருஷம் கழித்து அந்தப் பூட்டு உடைந்தது. 2024 ஜூலை முதல் தேதி அமலுக்கு வந்த புதிய தண்டனைச் சட்டத்தில் 377-வது பிரிவுக்கு இடமே இல்லை.

ஆனால் குற்றம் இல்லை என்பது ஒன்று. உத்தியோகத்தில் பாதுகாப்பு உண்டு என்பது வேறொன்று. திருநங்கையர் முதலானோருக்காக 2019-ல் பார்லிமெண்டு ஒரு சட்டம் செய்தது. வேலையில் பேதம் காட்டக் கூடாது. ஒவ்வொரு ஸ்தாபனமும் புகார் கேட்க ஓர் அதிகாரியை நியமிக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. வேலை செய்யும் இடத்தில் பெண்களுக்கு நேரும் பாலியல் தொல்லையைத் தடுக்க 2013-ல் வந்த சட்டமும் இருக்கிறது. ஆனால் அதில் பெண்கள்தான் புகார் செய்ய முடியும். தன்பாலீர்ப்பின் காரணமாக ஏளனத்துக்கு ஆளாகும் ஓர் ஆண் போலீஸ்காரருக்கு இந்த இரண்டு கதவுகளும் சாத்தியே கிடக்கின்றன. ஐகோர்ட்டுக்குப் போவதுதான் வழி. கான்ஸ்டபிள் சம்பளத்தில் ஐகோர்ட்டுப் படி ஏறுவது எத்தனை பேரால் ஆகும்?

போலீசில் ஏன் இத்தனை கஷ்டம்?

பாங்கியிலும் பள்ளிக்கூடத்திலும் பாரபட்சம் இல்லையா என்று கேட்கலாம். உண்டு. ஆனால் போலீஸ் உத்தியோகத்துக்குச் சில தனிக் குணங்கள் உண்டு.

ஆபீஸ் குமாஸ்தா மாலையில் வீட்டுக்குப் போய்விடுகிறார். போலீஸ்காரருக்கு ஸ்டேஷனும் வீடும் ஒன்றுதான். பயிற்சிக் காலத்தில் ஒரே கூடத்தில் படுக்கை. கல்யாணமானால் போலீஸ் லைனில் வீடு. அடுத்த வீட்டில் ஏட்டு, எதிர் வீட்டில் ரைட்டர். 'ஏன் இன்னும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை?' என்ற கேள்வி காலையில் ஸ்டேஷனில் ஆரம்பித்து மாலையில் லைன் குழாயடியில் முடியும். ரகசியம் என்று ஒன்றை அங்கே வைத்துக்கொள்ள முடியாது.

இரண்டாவது, மேலதிகாரியின் கை. யாருக்கு இரவுப் பாரா, யாருக்கு லீவு, யார் எந்த ஊருக்கு என்பதெல்லாம் அவர் வாய்ச்சொல். மாற்றல் என்பது ரூல்படி தண்டனை அல்ல. ஆனால் அதைவிடப் பெரிய தண்டனை போலீஸ்காரருக்கு வேறில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். அதற்குக் காரணம் காட்ட வேண்டிய அவசியமும் இல்லை. 'நிர்வாக நலனை முன்னிட்டு' என்ற மூன்று வார்த்தை போதும்.

மூன்றாவது, சங்கம் இல்லை. ரெயில்வேத் தொழிலாளிக்கு ஒரு குறை வந்தால் யூனியன் பேசும். போலீஸ்காரர் சர்க்கார் அனுமதி இன்றித் தொழிற்சங்கத்தில் சேரக் கூடாது என்று 1966-ம் வருஷச் சட்டம் கூறுகிறது. பத்திரிகைக்காரர்களிடம் பேசுவதற்கும் கட்டுப்பாடு. ஆகவே அவர் தம் குறையை யாரிடம் சொல்ல வேண்டும்? தமக்கு மேலே இருப்பவரிடம். குறையே மேலே இருப்பவரைப் பற்றியதாக இருந்தால்? அங்கேதான் பேச்சு நின்றுவிடுகிறது.

அமெரிக்காவில் ஒரு வெள்ளைச் சட்டை

பணக்கார நாடுகளில் இதெல்லாம் இல்லை என்று எண்ண வேண்டாம். 1981-ல் நியூயார்க் நகர சபையில் ஒரு விசாரணை. தன்பாலீர்ப்பு உள்ளவர்களுக்கு வேலையில் பேதம் காட்டக் கூடாது என்ற மசோதா பற்றியது அது. போலீஸ் சங்கத்தின் பிரதிநிதி எழுந்து, தன்பாலீர்ப்பு உள்ள போலீஸ்காரர் எவரையும் தமக்குத் தெரியாது என்றார். அவருக்கு அடுத்தபடி சாட்சி சொல்ல வந்தவர் சார்லஸ் காக்ரேன் என்ற சார்ஜண்டு. தாமே அத்தகைய ஒரு போலீஸ்காரர் என்றும், இரண்டிலும் தமக்குப் பெருமைதான் என்றும் சபையில் சொன்னார். மறு வருஷமே அவரைப் போன்ற போலீசாருக்கென்று ஒரு சங்கம் அங்கே ஏற்பட்டது.

அப்படியும் கதை முடியவில்லை. மிசௌரி மாகாணத்தில் செயிண்ட் லூயி கௌண்டி போலீசில் கீத் வைல்டுஹேபர் என்று ஒரு சார்ஜண்டு. அங்கே லெப்டினெண்டு பதவியிலும் அதற்கு மேலும் உள்ளவர்கள் வெள்ளைச் சட்டை போடுவார்கள். 2014-ல் அவரிடம் போலீஸ் நிர்வாகக் குழுவினர் ஒருவர், வெள்ளைச் சட்டையைப் பார்க்க வேண்டுமானால் உம்முடைய அந்தப் போக்கைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளும் என்று யோசனை சொன்னாராம். இருபதுக்கு மேற்பட்ட தடவை அவருக்குப் பதவி உயர்வு மறுக்கப்பட்டது. புகார் செய்தார். பலன்? வீட்டுக்கு வெகு தூரத்தில் உள்ள ஸ்டேஷனுக்கு, இரவு வேலைக்கு மாற்றல்! கடல் கடந்தாலும் முறை ஒன்றாகத்தான் இருக்கிறது.

அவர் வழக்குப் போட்டார். 2019 அக்டோபரில் ஜூரிகள் ஏறக்குறைய 2 கோடி டாலர் நஷ்ட ஈடு என்று தீர்ப்புக் கூறினார்கள். பிறகு 1 கோடியே இரண்டரை லட்சம் டாலருக்குச் சமரசம் ஆயிற்று. சார்ஜண்டு லெப்டினெண்டு ஆனார். வெள்ளைச் சட்டையை மறுத்ததற்கு அந்தக் கௌண்டி கொடுத்த விலை அது! வரி கொடுப்பவர்களின் பணம்தான்.

தமிழ்நாட்டில் நடந்தது என்ன?

தமிழ்நாடு இவ்விஷயத்தில் பின்தங்கிய நாடல்ல. திருநங்கையர் நல வாரியத்தை 2008-லேயே அமைத்த மாநிலம் இது.

சேலத்தைச் சேர்ந்த பிரித்திகா யாசினி என்ற பட்டதாரித் திருநங்கை 2015-ல் சப்-இன்ஸ்பெக்டர் வேலைக்கு மனுப் போட்டார். பெயரும் சான்றிதழும் பொருந்தவில்லை என்று மனு தள்ளப்பட்டது. ஐகோர்ட்டுக்குப் போய்ப் பரீட்சை எழுத உத்தரவு வாங்கினார். எழுதித் தேறினார். நூறு மீட்டர் ஓட்டத்தில் சுமார் ஒரு விநாடி பிந்திவிட்டார் என்று தகராறு வந்தது. 2015 நவம்பரில் தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கவுலும் நீதிபதி புஷ்பா சத்தியநாராயணாவும் அவருக்கு வேலை கொடுக்கத்தான் வேண்டும் என்று தீர்ப்பளித்தார்கள். 2017-ல் தருமபுரியில் அவர் பொறுப்பேற்றார். இந்தியாவிலேயே முதல் திருநங்கை சப்-இன்ஸ்பெக்டர் என்ற பெருமை தமிழ்நாட்டுக்குக் கிடைத்தது. அவருக்குப் பின் வேறு திருநங்கையரும் கான்ஸ்டபிள்களாகச் சேர்ந்தார்கள்.

ஆனால் வாசலைத் திறந்தால் மட்டும் போதாது என்பதற்கும் தமிழ்நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது. 2023 மார்ச்சில் கோயம்புத்தூரில் ஒரு திருநங்கைக் கான்ஸ்டபிள் கமிஷனர் ஆபீசுக்குப் போய் ராஜினாமாக் கடிதம் கொடுத்தார். மேலதிகாரி தம் பிறவியைச் சொல்லி இழிவாகப் பேசுவதாக அவர் குற்றம் சாட்டினார். விசாரணைக்கு உத்தரவாயிற்று. புகாரின் முடிவு எதுவாயினும், போராடிப் பெற்ற காக்கி உடையைத் தாமே கழற்றிக் கொடுக்க ஒருவர் முன்வருகிறார் என்றால், அந்த இடத்தில் ஏதோ கோளாறு இருக்கிறது என்பதை மறுக்க முடியாது.

இன்னொரு வழக்கு. மதுரைப் பக்கத்துப் பெண்கள் இருவர் ஒருவரையொருவர் விரும்பி, வீட்டை விட்டுச் சென்னைக்கு வந்துவிட்டார்கள். பெற்றோர் புகார் கொடுத்தனர். போலீசார் தேடி வந்தனர். பெண்கள் ஐகோர்ட்டில் தஞ்சம் புகுந்தார்கள். வழக்கை விசாரித்தவர் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ். அவர் ஒரு புதுமையான காரியம் செய்தார். இந்த விஷயம் தமக்கே சரியாகப் புரியவில்லை என்று பகிரங்கமாக ஒப்புக்கொண்டு, மனோதத்துவ நிபுணர் ஒருவரிடம் உட்கார்ந்து பாடம் கேட்டார். அதன் பிறகுதான் 2021 ஜூன் 7-ந் தேதி உத்தரவு எழுதினார்.

அந்த வழக்கின் பலனாக, 2022-ல் தமிழ்நாடு போலீஸ் நடத்தை விதிகளில் 24-சி என்ற புதிய விதி சேர்க்கப்பட்டது. தன்பாலீர்ப்பு உள்ளவர்கள், திருநங்கையர் முதலானோரையும், அவர்களுடைய நலனுக்கு உழைப்பவர்களையும் எந்தப் போலீஸ் அதிகாரியும் துன்புறுத்தக் கூடாது என்பது அந்த விதி. சட்டப்படி விசாரணை செய்வதை அது தடுக்காது. நல்ல விதி. வரவேற்க வேண்டிய விதி.

ஆனால் அந்த விதி எந்தத் திசையைப் பார்த்து நிற்கிறது? ஸ்டேஷனுக்கு வெளியே நிற்கும் மனிதரைப் பார்த்து நிற்கிறது. ஸ்டேஷனுக்கு உள்ளே, அதே காக்கி உடையில், அதே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் மனிதருக்கும் அது பொருந்தும் என்று வாதாடலாம். 'எவரையும்' என்ற சொல்லில் சக போலீஸ்காரரும் அடங்குவார் அல்லவா? ஆனால் அவர் யாரிடம் புகார் செய்வது, யார் விசாரிப்பது, விசாரணை முடியும்வரை அவரை மாற்றல் செய்யாமல் காப்பது யார் என்று விதி சொல்லவில்லை. கதவு இருக்கிறது, மணி இல்லை.

கட்டுப்பாடு கெட்டுவிடுமா?

எதிர்த் தரப்பின் வாதத்தையும் கேட்க வேண்டும். 'போலீஸ் என்பது கட்டுப்பாட்டுக்குப் பேர்போன படை. ஒரே கூடத்தில் தங்குகிறார்கள். இப்படிப்பட்டவர்கள் சேர்ந்தால் ஒழுங்கு குலையும். பொதுமக்களும் மதிக்க மாட்டார்கள்' என்கிறார்கள்.

இதே வாதத்தைப் பிரிட்டிஷ் ராணுவம் வருஷக்கணக்காகச் சொல்லி வந்தது. தன்பாலீர்ப்பு உள்ளவர்களைக் கண்டுபிடித்து வெளியேற்றி வந்தது. வெளியேற்றப்பட்டவர்கள் ஐரோப்பிய மனித உரிமைக் கோர்ட்டுக்குப் போனார்கள். 1999-ல் ராணுவம் தோற்றது. 2000 ஜனவரியில் தடை நீங்கியது. வானம் இடிந்து விழவில்லை. ராணுவம் ராணுவமாகவேதான் இருக்கிறது.

அவ்வளவு தூரம் போவானேன்? தமிழ்நாட்டுப் போலீசில் 1973-ல்தான் பெண்கள் முதன்முதலாகச் சேர்க்கப்பட்டார்கள். பெண்ணாவது, லத்தி பிடிப்பதாவது என்று சிரித்தவர்கள் உண்டு. இன்று பெண் இன்ஸ்பெக்டர் இல்லாத ஊர் எது? மகளிர் போலீஸ் ஸ்டேஷன் இல்லாத பெரிய நகரம் எது? சிரித்தவர்களின் பேத்திகளே இப்போது காக்கி உடுத்தியிருக்கிறார்கள்.

ஒழுங்கைக் குலைப்பது நடத்தை, மனச்சார்பு அல்ல. ஆணோ பெண்ணோ, யாரை விரும்பினாலும் சரி, உடன் இருப்பவரிடம் தவறாக நடந்தால் தண்டிக்க ரூல் இருக்கிறது. 1955-ம் வருஷ ஒழுங்கு விதிகளின் மூன்று ஏ-யும் மூன்று பி-யும் அதற்காகத்தான் உள்ளன. தவறே செய்யாதவரை, அவர் இன்னார் என்பதற்காகவே வதைப்பது ஒழுங்கா? அதுவல்லவா பெரிய ஒழுங்கீனம்!

நமக்கு என்ன நஷ்டம்?

'போலீஸ் லைனுக்குள் நடப்பது நமக்கெதற்கு?' என்று எண்ணுகிறவர்கள் லண்டன் மாநகரத்தைப் பார்க்க வேண்டும். 2014-லும் 2015-லும் அந்நகரின் கிழக்குப் பகுதியில், பார்க்கிங் என்ற இடத்தில், நான்கு வாலிபர்கள் ஒருவர் பின் ஒருவராகப் பிணமாகக் கிடந்தார்கள். நால்வரும் தன்பாலீர்ப்பு உள்ளவர்கள். போதை மருந்து கொடுத்து நால்வரையும் கொன்றவன் ஒரே ஆள். போலீசார் ஆரம்பத்தில் சரியாகத் துப்புத் துலக்கவில்லை. அவர்களுடைய தவறுகள் மூன்று பேரின் சாவுக்குக் காரணமாக இருந்திருக்கக் கூடும் என்று 2021 டிசம்பரில் மரண விசாரணை ஜூரிகள் கூறினார்கள்.

2023 மார்ச்சில் லண்டன் போலீசைப் பற்றி லூயிஸ் கேசி என்ற அம்மையார் ஓர் அறிக்கை வெளியிட்டார். நிறவெறி, பெண் வெறுப்பு, தன்பாலீர்ப்பு உள்ளவர்கள் மீது வெறுப்பு ஆகிய மூன்றும் அந்தப் படையின் அமைப்பிலேயே ஊறியிருப்பதாக அவர் சொன்னார். சக போலீஸ்காரர்களே அதற்கு இரையாகிறார்கள் என்றும் கண்டார்.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் உண்மை விளங்கும். தன் வீட்டுப் பிள்ளையைக் கேலி செய்யும் ஸ்டேஷன், அடுத்த வீட்டுப் பிள்ளையின் புகாரைக் கவனமாகக் கேட்காது. கைபேசி மூலம் சிநேகம் பிடித்து, தனியிடத்துக்கு வரவழைத்து, அடித்துப் பணம் பறிக்கும் கூட்டங்கள் நம் நாட்டு நகரங்களிலும் உண்டு. பறிகொடுத்தவர் ஸ்டேஷனுக்குப் போக அஞ்சுகிறார். போனால் திருடனை விட்டுவிட்டுத் தம்மையே விசாரிப்பார்கள் என்ற பயம். அந்தப் பயம் இருக்கும்வரை திருடனுக்குக் கொண்டாட்டம்தான். ஸ்டேஷனுக்குள்ளே அவருடைய கஷ்டத்தைப் புரிந்துகொள்ளும் ஒரு போலீஸ்காரர், தலை நிமிர்ந்து வேலை பார்க்க முடிந்தால், அந்தப் புகார் எழுதப்படும்; திருடன் பிடிபடுவான்.

செய்யக்கூடிய காரியங்கள்

இதற்குப் பெரிய புரட்சி ஒன்றும் தேவையில்லை. பணமும் அதிகம் வேண்டாம்.

முதலாவது, 24-சி விதியில் சக ஊழியரையும் வெளிப்படையாகச் சேர்க்க வேண்டும். ஒரு வரி போதும்.

இரண்டாவது, புகார் கேட்கும் அதிகாரி அந்த ஸ்டேஷனையும் அந்த சப்-டிவிஷனையும் சேராதவராக இருக்க வேண்டும். புகார் கொடுத்தவரின் பெயர் வெளியே போகக் கூடாது. புகார் கொடுத்த பின் ஒருவரை மாற்றினால் அதற்குக் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். போபாலிலும் செயிண்ட் லூயியிலும் நடந்தவை கற்பிக்கும் பாடம் இது.

மூன்றாவது, பயிற்சி. சட்டப் புத்தகத்தை மனப்பாடம் செய்வதோடு இதையும் ஒரு பாடமாகச் சொல்லிக் கொடுக்கலாம். ஐகோர்ட்டு நீதிபதியே 'எனக்குத் தெரியாது, கற்றுக்கொள்கிறேன்' என்று மாணவராக உட்கார்ந்தார். ஓர் இன்ஸ்பெக்டர் உட்காருவதில் என்ன கௌரவக் குறைவு?

வாசுதேவநல்லூர்க் கோவிலைக் காட்டி, நம் முன்னோருக்கு இதெல்லாம் தெரியாதா என்று வாதாடுவது சுலபம். ஆனால் கற்பக்கிரகத்தில் உள்ள அர்த்தநாரியைக் கும்பிட யாருக்கும் தயக்கம் இல்லை. பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் மனிதருடன் மரியாதையாகப் பேசுவதில்தான் தயக்கம் இருக்கிறது. பக்தி வேறு, பண்பு வேறு. சட்டம் கேட்பது பண்பைத்தான்.

அடுத்த ஆடித் தபசுக்கும் கூட்டம் வரும். பந்தோபஸ்துக்கு நூற்றுக்கணக்கில் போலீஸ்காரர்கள் வருவார்கள். அவர்களில் யார் மனத்தில் என்ன இருக்கிறது என்று கும்பிட வருகிற ஜனங்கள் கேட்கப் போவதில்லை. கூட்டத்தில் குழந்தை தொலைந்தால் தேடித் தருவாரா, திருடன் கை வைத்தால் பிடிப்பாரா என்பதுதான் அவர்களுக்கு முக்கியம். ஜனங்களுக்குப் போதுமான இந்தத் தகுதி, போலீஸ் இலாகாவுக்கும் போதுமானதாக இருக்க வேண்டும்.